சிறுநீரகத்தை விற்கலாமா? ஓர் அறக் கேள்வியைக் கல்லூரி நூலகத்தில் ஆராய முழுமையான வழிகாட்டி

கருணைக்கொலை, மரண தண்டனை, வாடகைத்தாய், உறுப்பு விற்பனை. தத்துவம், சட்டம், செவிலியம், சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சுற்றிச் சுற்றி வரும் அசைன்மென்ட் தலைப்புகள் இவை. எழுதித் தரப்படும் கட்டுரைகளும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். கூகுளில் முதலில் வரும் நான்கு பக்கங்கள், ஆதரவாக ஒரு பத்தி, எதிராக ஒரு பத்தி, நடுவில் ஒரு குறள், கடைசியில் "சமுதாயம் சிந்திக்க வேண்டும்". மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அடுக்கிய வாதங்களில் எது எதற்குப் பதில் சொல்கிறது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல. அறக் கேள்வி எதுவும் நூலகத்தில் ஒரே அலமாரியில் இருப்பதில்லை. அதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன: என்ன நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, எது சரி. மூன்றுக்கும் நூலகத்தில் இடம் வேறு, தேடும் முறை வேறு, எதை நம்பலாம் என்பதற்கான அளவுகோலும் வேறு. இதைப் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த வழிகாட்டி ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: வறுமையில் இருக்கும் ஒருவர் தன் சிறுநீரகத்தை விலைக்கு விற்க அனுமதிக்கலாமா? தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. சென்னை வில்லிவாக்கத்துக்குக் "கிட்னிவாக்கம்" என்று பட்டப்பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும். 2004 சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களில் சிறுநீரக விற்பனை நடந்தது 2007 தொடக்கத்தில் வெளியே வந்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் குறிவைத்ததாகப் புகார் எழுந்தது. உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

படி 1: நூலகத்துக்குள் நுழையும் முன் கேள்வியைப் பிரியுங்கள்

"உறுப்பு தானமும் அறமும்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. அதை வைத்துக்கொண்டு தேடினால் ஆயிரக்கணக்கில் முடிவுகள் வரும், ஒன்றும் பயன்படாது. "அனுமதிக்கலாமா", "கட்டாயப்படுத்தலாமா", "தண்டிக்கலாமா" என்று ஒரு வினையில் முடியும்படி எழுதுங்கள். பிறகு ஒரு தாளை மூன்றாக மடித்துக் கேள்விகளைப் பிரித்து எழுதுங்கள்.

முதல் பகுதியில் உண்மைக் கேள்விகள்: விற்பவர்கள் யார், எதற்காக விற்கிறார்கள், கையில் எவ்வளவு வந்தது, சில ஆண்டுகள் கழித்து அவர்களுடைய உடலும் கடனும் எப்படி இருக்கின்றன. இரண்டாவதில் சட்டம்: எது குற்றம், என்ன தண்டனை, உறவினர் அல்லாதவர் கொடுக்க வழி உண்டா, வேறு எந்த நாடாவது பணம் கொடுப்பதை அனுமதிக்கிறதா. மூன்றாவதில் அறம்: கடன் நெருக்கும்போது கொடுக்கும் சம்மதம் சம்மதம்தானா, உடல் நம் சொத்தா, ஒருவருடைய விற்பனை அக்கம்பக்கத்தாரைப் பாதிக்குமானால் அதைத் தடுக்கலாமா.

பிரிக்கும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. "விலை வைத்துவிட்டால் இலவசமாகக் கொடுக்கும் மனம் குறைந்துவிடும்" என்ற வரியைப் பெரும்பாலோர் மூன்றாம் பகுதியில் எழுதுவார்கள். கேட்பதற்கு அறம் போல இருந்தாலும் அது உண்மைக் கேள்வி. குறைகிறதா இல்லையா என்று அளந்து பார்க்கலாம். சமூகக் கொள்கை ஆய்வாளர் ரிச்சர்டு டிட்மஸ் 1970இல் ரத்த தானத்தை வைத்து, பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு இதைத்தான் விவாதித்தார். இப்படி இடம் மாறி உட்கார்ந்திருக்கும் கேள்விகளை அடையாளம் காண்பதே முதல் படியின் பலன்.

படி 2: அட்டவணையில் தேடுங்கள், அலமாரியில் நின்று பாருங்கள்

பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் இப்போது கணினி அட்டவணை இருக்கிறது. பல இடங்களில் அது கோஹா என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. அதில் தலைப்பைத் தட்டித் தேடுவதோடு நிறுத்தாமல், பொருள்வாரியாகத் தேடும் வசதியைத் திறந்து பாருங்கள். பொருத்தமான ஒரு நூல் கிடைத்ததும் அதன் பதிவில் கொடுத்திருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்கினால் அதே பொருளில் உள்ள மற்ற நூல்களும் வரிசையாக வரும்.

தமிழ் நூல்களைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதிந்திருப்பார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. "அறம்" என்பதை ஓர் ஆர் போட்டும், இரண்டு ஆர் போட்டும், தமிழ் எழுத்திலும் மாற்றி மாற்றித் தேடிப் பார்க்காமல் "எங்கள் நூலகத்தில் இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் அறவியல் 170இல் தொடங்குகிறது. மருத்துவ அறம் 174.2, உயிரை மதிப்பது தொடர்பான கருணைக்கொலை, தற்கொலை போன்றவை 179.7. நம் கேள்விக்கு அது போதாது. நோயாளி நலம், மருத்துவச் சேவை 362.1, சமூகச் சட்டங்கள் 344, அறுவை மருத்துவம் 617, கடனும் வட்டியும் 332. கடன் அலமாரிக்கு ஏன் போக வேண்டும் என்பது ஏழாவது படியில் தெரியும்.

தமிழ்நாட்டின் பழைய நூலகங்கள் சிலவற்றில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தில் தொடங்கும் அழைப்பு எண்களைப் பார்க்கலாம். அது சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. அதில் ஆர் (R) என்பது தத்துவம், ஆர்4 (R4) அறவியல். கணக்கு ஆசிரியராக இருந்தவர் நூலகத்துக்கு வந்து உலகமே படிக்கும் ஒரு முறையை உருவாக்கிவிட்டுப் போனார். அதைப் பற்றி ஒன்றும் அறியாமலே மூன்று ஆண்டுகள் அந்த அலமாரிகளுக்கு நடுவே நடந்து பட்டம் வாங்கிவிடுகிறோம்.

தேடிப்போன நூல் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து நூல்களை எடுத்துப் பாருங்கள். பொருளடக்கத்தைவிடப் பின்பக்கச் சொல்லடைவு உண்மை பேசும். "சிறுநீரகம்" என்ற சொல்லுக்கு எதிரே பன்னிரண்டு பக்க எண்கள் இருந்தால் அந்த நூலைக் கையில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றே ஒன்று இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடலாம்.

படி 3: முதலில் கலைக்களஞ்சியம், பிறகு மற்றவை

ரெஃபரன்ஸ் பிரிவு நூல்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதாலேயே அங்கே யாரும் உட்காருவதில்லை. அறவியலுக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உயிரியல் அறத்துக்கென்று 1978இல் முதன்முதலாக வெளிவந்த பல தொகுதிக் கலைக்களஞ்சியத்தின் ஏதாவது ஒரு பதிப்பு உங்கள் நூலகத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். மனித உறுப்பு விற்பனைக்கு அதில் தனிக் கட்டுரையே இருக்கிறது.

இதிலிருந்து மேற்கோள் எடுக்க வேண்டாம். எத்தனை தரப்புகள் மோதுகின்றன, யார் யாருக்குப் பதில் எழுதினார்கள், எந்த ஆண்டில் விவாதம் சூடுபிடித்தது என்ற நிலவரம் தெரிந்தால் போதும். கட்டுரையின் முடிவில் இருக்கும் நூற்பட்டியலில் மீண்டும் மீண்டும் தென்படும் நான்கைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

படி 4: கல்லூரி பணம் கட்டியிருக்கும் இதழ்களைத் திறப்பது

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், நூலகர் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து கடவுச்சொல் தருவார். அதை வைத்து வீட்டிலிருந்தே மின்நூல்களையும் இதழ்களையும் படிக்கலாம். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டமும் இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த இத்திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். இவ்வளவு பணம் கொட்டியும், தன் கல்லூரிக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று போய்க் கேட்கும் மாணவர்கள் குறைவு. கேளுங்கள். வளாக இணையத்தில் மட்டும் திறக்குமா, வீட்டிலிருந்தும் திறக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடவுச்சொல் இல்லாமலே திறக்கும் கதவுகளும் உண்டு. மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களுக்குப் பப்மெட், தத்துவக் கட்டுரைகளுக்குப் ஃபில்பேப்பர்ஸ், இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் ஷோத்கங்கா. மும்பையிலிருந்து 1993இல் தொடங்கி இன்று இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ் என்ற பெயரில் வரும் இதழ் முழுவதையும் இலவசமாகப் படிக்கலாம். இந்திய மருத்துவ அறம் பற்றி எழுதுபவர் வெளிநாட்டு இதழ்களை மட்டும் காட்டிவிட்டு இதைத் தொடாமல் விட்டால் தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

தேடு சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஒரே சொல்லோடு நின்றுவிடாதீர்கள். விற்பனையை ஆதரிப்பவர்கள் "மார்க்கெட்", "இன்சென்டிவ்" என்று எழுதுவார்கள். எதிர்ப்பவர்கள் "டிராஃபிக்கிங்", "எக்ஸ்ப்ளாய்டேஷன்" என்பார்கள். மருத்துவர்கள் "லிவிங் டோனர்" என்பார்கள், மானிடவியலாளர்கள் "செல்லர்" என்றோ "வெண்டர்" என்றோ எழுதுவார்கள். ஒரு தரப்பின் சொல்லை மட்டும் தட்டினால் அந்தத் தரப்பின் கட்டுரைகள் மட்டும் வரும், உலகமே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றும். ஒத்த சொற்களை "ஆர்" (OR) போட்டு இணைத்து அடைப்புக்குள் வையுங்கள், "இந்தியா" அல்லது "சென்னை" என்பதை "அண்ட்" (AND) போட்டுச் சேருங்கள். பழைய கட்டுரைகளில் "மெட்ராஸ்" என்றிருக்கும், அதையும் விட்டுவிடக் கூடாது. பப்மெட்டில் கட்டுரைக்குக் கீழே தரும் பொருள் தலைப்புகளில் "எதிக்ஸ்" என்ற துணைத்தலைப்பு ஒட்டியிருப்பவற்றைச் சொடுக்கினால் அறம் பேசும் கட்டுரைகள் தனியே பிரிந்து வரும்.

படி 5: ஒரு கள ஆய்வைக் கையில் எடுத்து உரித்துப் பார்ப்பது

உண்மைக் கேள்விகளுக்கு இந்தத் தலைப்பில் தவிர்க்க முடியாத ஆய்வு ஒன்று உண்டு. மாதவ் கோயலும் மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து 2001 பிப்ரவரியில் சென்னையில் நடத்தி, 2002 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் வெளியிட்டது. சிறுநீரகத்தை விற்ற 305 பேரிடம் பேசினார்கள். சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன் விற்றவர்கள். 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். கிடைத்த தொகை சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு ஆய்வு நடந்தபோதும் கடன் இருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். 79 விழுக்காட்டினர் மற்றவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள்.

படித்ததும் கை பரபரக்கும். "எனவே சிறுநீரக விற்பனை தவறு" என்று உடனே எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். கட்டுரையின் வழிமுறைப் பகுதிக்குத் திரும்புங்கள். உடல்நலம் கெட்டது என்பது விற்றவர்களே சொன்னது, பரிசோதனை செய்து கண்டது அல்ல. அதே தெருவில் அதே வறுமையில் இருந்தும் விற்காதவர்களின் உடலும் வருமானமும் அந்த ஆறு ஆண்டுகளில் என்ன ஆயின என்று ஒப்பிடும் குழு இல்லை. இவை ஆய்வைத் தூக்கி எறியக் காரணங்கள் அல்ல. அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்துகொள்ளும் வழி.

அடுத்தது இன்னும் முக்கியம். 1994 சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் உறுப்பு விற்பனை குற்றம். அதாவது, இந்த 305 பேரில் பலர் தரகர் நடுவில் நின்ற, பின்கவனிப்பு இல்லாத, ஏமாற்றினால் புகார் கொடுக்க முடியாத சந்தையில் விற்றவர்கள். விற்பனையை ஆதரிக்கும் ஒருவர் இதே எண்களைக் கையில் எடுத்து, "தீங்கு செய்தது விற்பனையா, தடையால் உருவான கள்ளச் சந்தையா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஒரே ஆய்வு இரு தரப்புக்கும் சான்றாக நிற்க முடிகிறதென்றால், இடையில் சொல்லாமல் விடப்பட்ட ஓர் அற முன்கோள், அதாவது சரியென்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட ஒரு கருத்து, இருக்கிறது என்று பொருள். உங்கள் கட்டுரையின் வேலை அந்த முன்கோளை வெளியே இழுத்து எழுதுவது.

இப்படியொரு மைய ஆய்வு கிடைத்ததும் இரு திசையிலும் நடங்கள். அதன் அடிக்குறிப்புகள் முந்தைய எழுத்துகளைக் காட்டும். கூகுள் ஸ்காலரில் "மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பு பிந்தைய எழுத்துகளைக் காட்டும். நல்ல மறுப்புகள் அந்த இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன.

படி 6: சட்டத்தைச் சட்டப் புத்தகத்திலேயே படியுங்கள்

செய்தித்தாள் சொல்லும் சட்டம் வேறு, பிரிவில் இருக்கும் சட்டம் வேறு. மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 1994, அதன் 2011 திருத்தம், 2014 விதிகள் மூன்றையும் அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோடு இணையதளத்தில் மூல வடிவில் எடுக்கலாம். சட்டப் பிரிவு உள்ள கல்லூரியாக இருந்தால் ஏ.ஐ.ஆர், எஸ்.சி.சி என்ற தீர்ப்புத் தொகுதிகளும் மனுபத்ரா போன்ற தரவுத்தளங்களும் இருக்கும். இல்லாதவர்களுக்குத் தீர்ப்புகளை இலவசமாகத் தேடித் தரும் இந்தியன் கானூன் தளம் இருக்கிறது.

பிரிவு 19ஐப் படித்தால் வணிக நோக்கில் உறுப்பை வாங்குவது, விற்பது, தரகு பேசுவது எல்லாம் குற்றம் என்று தெரியும். திருத்தத்துக்குப் பின் தண்டனை ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அத்தோடு மூடிவிடாமல் பிரிவு 9(3)க்கு வாருங்கள். நெருங்கிய உறவினர் அல்லாதவரும் அன்பு, பற்று அல்லது வேறு சிறப்புக் காரணத்தால் உறுப்பு கொடுக்கலாம், அதற்கு அனுமதிக் குழுவின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. நண்பனுக்காக உண்மையிலேயே கொடுப்பவருக்கும் இதுதான் வழி. தரகர் ஏற்பாட்டில் "நெடுநாள் நண்பர்" என்று நடிக்க வைக்கப்படுபவருக்கும் இதுதான் வழி. பாசத்துக்கு எப்படிச் சான்றிதழ் கேட்பது? மருத்துவமும் சட்டமும் அறமும் முட்டிக்கொள்ளும் இந்த ஒரு பிரிவை வைத்தே முழு அசைன்மென்ட்டும் எழுதலாம்.

ஒப்பீட்டுக்கு ஈரான் போதும். 1988 முதல் அங்கே உயிருடன் இருப்பவர் சிறுநீரகம் கொடுத்தால் பணம் தரும் ஏற்பாடு சட்டப்படியே நடக்கிறது. எதிர்த்திசையில் 2008 இஸ்தான்புல் பிரகடனமும், 2010இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. மரியாதை செய்வது ஊக்கம்தான், விலை அல்ல என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஏன் அல்ல என்று ஒரு பத்தியில் எழுதிப் பாருங்கள், வியர்க்கும்.

நடப்பு வழக்குகளுக்கு நூலகத்தின் நாளிதழ்க் கோப்புகளைப் புரட்டலாம். ஆனால் பள்ளிபாளையம் போல விசாரணையில் இருக்கும் விவகாரத்தில் "புகார்", "குற்றச்சாட்டு" என்ற சொற்களைக் கைவிடாதீர்கள். தீர்ப்பு வரும்வரை அதற்கு மேல் எழுதுவது தகவல் பிழை மட்டும் அல்ல, அறம் பற்றிய கட்டுரையிலேயே அறப் பிழை.

படி 7: வாதங்களை வாதங்களாகப் படிப்பது

இப்போதுதான் 170ஆம் எண் அலமாரி. தத்துவக் கட்டுரையை ஆய்வறிக்கை போலப் படிக்கக் கூடாது. எண்களும் முடிவுகளும் தேடினால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு அட்டை எடுத்து, "இவர் எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்? ஒப்புக்கொண்டால் என்ன முடிவு வருகிறது?" என்ற இரண்டை மட்டும் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் வாதம் புரியவில்லை என்று அர்த்தம்.

ஜேனட் ராட்கிளிஃப் ரிச்சர்ட்ஸும் மற்றவர்களும் 1998இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை ஆதரவுத் தரப்புக்கு நல்ல தொடக்கம். ஏழைக்கு இருக்கும் வழிகள் ஏற்கெனவே குறைவு, அவற்றில் அவர் சிறந்ததாகக் கருதும் ஒன்றையும் அடைத்துவிட்டு "உன் நன்மைக்காக" என்று சொல்வது எப்படி நியாயம் என்பது அதன் குத்தல். சார்லஸ் எரினும் ஜான் ஹாரிஸும் 2003இல் ஒரு நடைமுறைத் திட்டத்தை முன்வைத்தார்கள்: வாங்குபவர் ஒரே ஒரு பொது அமைப்பு, பங்கீடு மருத்துவத் தேவைப்படி, பணக்காரர் நேராக வாங்க முடியாது. எதிர்த்தரப்பில் தத்துவவாதி மைக்கேல் சாண்டெல் 2012இல் வெளியிட்ட நூல் இரண்டு எதிர்ப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று, நெருக்கடியில் இருப்பவரின் சம்மதம் உண்மையில் சுதந்திரமானதா என்பது. மற்றொன்று, எல்லோரும் சமமாக இருந்தாலும் சிலவற்றுக்கு விலை வைப்பதே அதன் மதிப்பைக் கெடுக்கும் என்பது. இவ்விரண்டும் வெவ்வேறு வாதங்கள். வறுமை ஒழிந்தால் முதலாவது விழுந்துவிடும், இரண்டாவது நிற்கும். மாணவர் கட்டுரைகளில் பத்துக்கு ஒன்பது இவற்றைக் குழப்புகின்றன.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டையும் பார்க்கலாம். 1797இல் அவர் எழுதியது சிறுநீரகத்தைப் பற்றி அல்ல, பல்லைப் பற்றி. இன்னொருவர் வாயில் பொருத்துவதற்காகப் பல்லைக் கொடுப்பதையும் விற்பதையும் தன்னையே பகுதியாகக் கொல்வதற்குச் சமம் என்றார். விற்பதை மட்டும் அல்ல, கொடுப்பதையும் சேர்த்துக் கண்டித்தார் என்பதைக் கவனியுங்கள். விற்பனைக்கு எதிராக அவரைத் துணைக்கு அழைப்பவர் தானத்தையும் இழக்க நேரிடும்.

இந்த விவாதத்தில் ஆழமாக வெட்டும் வாதம், என் கணிப்பில், தத்துவ அலமாரியில் தொடங்கவில்லை. மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்களிடம் பேசி 1999இல் டீடலஸ் இதழில் எழுதினார். சிறுநீரக விற்பனை பரவிய பகுதிகளில் கடன் கொடுப்பவர்கள் கடுமையாக நெருக்கத் தொடங்கியதை அவர் பதிவு செய்தார். உடலிலேயே ஓர் அடமானம் இருக்கிறது என்று கந்துவட்டிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தத்துவவாதி டெப்ரா சாட்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்து வாதமாக்கினார். ஒரு பெண் விற்கும்போது, விற்க விரும்பாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கடன் கிடைக்கும் நிபந்தனை மாறிப்போகிறது. அப்படியானால் "என் உடல், என் விருப்பம், உனக்கென்ன நஷ்டம்?" என்ற வாதம் ஆடிப்போகிறது. ராட்கிளிஃப் ரிச்சர்ட்ஸுக்கு நேரான பதில் இது. வழிகளைக் குறைப்பது தடை மட்டும் அல்ல, சந்தையும் சிலருடைய வழிகளைக் குறைக்கிறது. 332ஆம் எண் அலமாரிக்குப் போகச் சொன்னது இதற்காகத்தான். கடனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இந்த அறக் கேள்வியை எழுத முடியாது.

படி 8: தமிழ் இலக்கியத்தை அலங்காரமாக ஒட்டாதீர்கள்

உறுப்பு தானக் கட்டுரை என்றாலே 72ஆம் குறள் வந்துவிடும். அன்புடையவர்களின் எலும்பும் பிறருக்கு உரியது என்ற குறள்தான். அதைப் போடுவதில் தவறில்லை, போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் தவறு. நூலகத்தில் பரிமேலழகர் உரையை எடுத்தால், புறாவின் சாவுக்கு அஞ்சித் தராசில் ஏறிய சிபி மன்னனை அவர் சான்று காட்டுவது தெரியும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனால் புறநானூற்றின் 43ஆம் பாடலில் போய் நிற்பீர்கள். உரையாசிரியர் தரும் சான்றைத் தொடர்வதும் அடிக்குறிப்பைத் தொடர்வதும் ஒரே வேலை.

பிறகு இது எதை நிறுவுகிறது என்று கேளுங்கள். கொடுப்பவன் அரசன், காக்கப்படுவது அடைக்கலம் புகுந்த உயிர், நடுவில் பணம் இல்லை. தானத்துக்கு இது வலுவான சான்று. விற்பனை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொடுப்பவன் வலியவனாக இருக்கும் கதையை, கொடுப்பவர் எளியவராக இருக்கும் நிலைமைக்குப் பொருத்தலாமா என்று கேட்டால் குறள் அலங்காரத்திலிருந்து வாதத்துக்குள் வந்துவிடும்.

படி 9: இல்லை என்று சொன்னால்

தேவைப்படும் கட்டுரையோ நூலோ கல்லூரியில் இல்லாவிட்டால் நூலகரிடம் போங்கள். "ஆர்கன் டிரேட் பற்றி ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டால் கையை அலமாரிப் பக்கம் நீட்டுவார். ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி எழுதிய சீட்டோடு போய், எங்கெங்கே தேடினோம் என்பதையும் சொன்னால் உண்மையிலேயே உதவ முடியும். நூலகங்கள் தமக்குள் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பில் கல்லூரி உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் அது ஒன்று. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்பதும் வழக்கம்தான், பலர் அனுப்பிவிடுவார்கள்.

படி 10: குறிப்பெடுப்பதும் எழுதுவதும்

குறிப்பட்டைகளில் மூன்று நிறம் வையுங்கள், உண்மை, சட்டம், அறம். ஒவ்வொன்றிலும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண். மேற்கோளாக அப்படியே எடுத்ததற்கு மேற்கோள் குறி, உங்கள் சொல்லில் எழுதியதற்குக் குறி வேண்டாம். இதைக் குறிப்பெடுக்கும்போதே செய்யாவிட்டால் ஒரு மாதம் கழித்து எது யாருடைய வாக்கியம் என்று தெரியாது. கணினியில் வேலை செய்பவர்கள் நூற்குறிப்புகளைச் சேமித்து அடுக்கும் சொட்டேரோ (Zotero) மென்பொருளைப் பயன்படுத்தலாம், இலவசம், தமிழ் எழுத்தையும் ஏற்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் ஆய்வேடுகளில் பத்து விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. அதை "பத்து விழுக்காடு திருடலாம்" என்று படிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அறவியல் துறையில் அதைச் செய்து மாட்டிக்கொள்பவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கடினம்.

உரையாடல் செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவை இல்லாத கட்டுரைக்கு இருக்கும் இதழின் பெயரையும் உண்மையான ஆசிரியரின் பெயரையும் ஒட்டித் தரக்கூடும். அந்த இதழின் அந்தத் தொகுதிப் பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

விற்றவர்களை நேரில் சந்தித்துப் பேட்டி எடுக்கலாம் என்று ஆசை வந்தால் முதலில் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் போங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நூலகத்தில் கிடைக்கும், இணையத்திலும் உண்டு. சட்டப்படி அவர்களே குற்றத்தில் சிக்கக்கூடியவர்கள் என்பதால் பெயர், தெரு, மருத்துவமனை எதுவும் உங்கள் நோட்டில்கூட இருக்கக் கூடாது. இளநிலை அசைன்மென்ட்டுக்கு இது தேவையில்லை. 305 பேர் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள்.

எழுத உட்காரும்போது மூன்று நிற அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். ஒரு பத்தியில் உண்மை அட்டைகள் மட்டும் இருந்து கடைசி வாக்கியம் "எனவே தடை செய்ய வேண்டும்" என்று முடிந்தால், அங்கே ஒரு அற அட்டை விடுபட்டிருக்கிறது. அது எந்த அட்டை என்று கண்டுபிடித்து நடுவில் வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.